கண்ணாடி வாங்காத ஏழு பயணங்கள்

நவம்பர் 12, புதன்

மூடுபனி. வேனை எடுக்கப் போனேன், வேனைக் காணோம். கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். குன்னூர் மார்க்கெட் அருகே இரண்டு நாய்கள் முட்டிக்கொண்டு ஒன்றிடம் ஒன்று மன்னிப்புக் கேட்டன. பாக்கியத்திடம் சொன்னேன், நம்பவில்லை. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம், என் மனைவி எதைத்தான் நம்பினாள்.

இன்றைய ராஜாங்க வேலைகள்:
1. அச்சகத்தில் கல்யாணக் கார்டு மாதிரி வாங்குவது
2. பிரேக் ஆயில்
3. பா.வுக்கு முட்டிவலித் தைலம்

முதலாவது முடிந்தது. கார்டு பிரமாதம், ஓரமெல்லாம் தங்கப் பூ. தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர் எறும்பு அளவு. யானை அளவு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டும் மூன்றும் மறந்தாயிற்று.

பதினோரு மணிக்கு நித்யா போன். ருக்மணி அக்காவின் ஒரே மகள். அருவங்காட்டில் அறிவியல் டீச்சர். மச்சான் காலமான பிறகு தாய்மாமனாகிய என் செங்கோலின் கீழ் வாழ்பவள், அதாவது செங்கோலைப் பிடுங்கி வைத்திருப்பவள்.

"மாமா, கார்டு அடிக்க வேண்டாமுங்க. இந்தத் தையும் வேண்டாம்."

ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளியவளும் இவளே. மாப்பிள்ளை பிரபு, குந்தா மின் நிலையத்தில் இன்ஜினியர், தங்கக் கட்டி. இன்னொரு தரம் தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று அவன் பெரியப்பா சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டால் வகுப்புக்கு மணி அடித்துவிடுகிறதாம். பிரபுவைப் பிடிக்கவில்லையா என்றால் அழுகை. பிடித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நாளை மேட்டுப்பாளையம் கூட்டிப் போகச் சொன்னாள். பேங்க் வேலையாம். குன்னூரில் பேங்குக்கா பஞ்சம்? நான் கேட்கவில்லை. பெருந்தன்மை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். (திறந்துதான். நித்யா முன்சீட்டில் இருந்தாள்.)

'பேங்க்' வாசலில் கைக்குழந்தை படம் போட்ட பலகை. மகளிர் மருத்துவமனை. பார்க்காதவன் போல நாலு டயரையும் ஆராய்ந்தேன். பிறகு ஸ்டெப்னியை. அவள் வெளியே வர ஒரு மணி நேரம். அதற்குள் அந்த டயர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுமளவு தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது பர்லியாறில் டீ. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னாள்:

"மாமா, நீங்க எதச் சொன்னாலும் ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேனுங்க."

என் வாழ்நாள் புளுகுக்கு இப்படி ஒரு பட்டயம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

இனி இந்த ஏட்டில் அவள் பெயர் நி. மட்டும். பா. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாலும் திணறட்டும்.

விஷயம் இது. மூன்று வருடமாக அவளுக்குப் பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று. அரிப்பு, எரிச்சல், தயிர்க் கட்டி போல வெள்ளை. களிம்பு போட்டால் போகும், ஒரு மாதத்தில் திரும்ப வரும். மருந்துக்கடையில் யாராவது தெரிந்தவர் நின்றால் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாளாம். தான் சுத்தமில்லாதவள் என்று முடிவு கட்டி, கழுவுகிற தண்ணீரில் தினம் கிருமிநாசினி ஊற்றியிருக்கிறாள். எரிச்சல் இரட்டிப்பு. இன்னும் சுத்தம் போதவில்லை என்று இன்னும் ஊற்றியிருக்கிறாள்.

"கல்யாணமாகி ஒரு மாசத்துல தெரிஞ்சு போயிருமுங்க மாமா. பிரபுவுக்கும் ஒட்டிக்குமோ என்னமோ. அழுக்குப் புடிச்சவன்னு அவங்க ஊட்டுல சொல்லுவாங்க. அதுக்கு இப்பவே நிறுத்திரலாம்."

எனக்குக் காது மடல் பற்றி எரிந்தது. டீ மாஸ்டர் அதில் ஒரு பாத்திரம் வைத்திருக்கலாம். ஆனாலும் எழுந்து ஓடவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதை நி. விளக்கினாள். கரும்பலகை இல்லாத குறையை இரண்டு கையாலும் தீர்த்தாள். இந்தப் பூஞ்சை பலர் உடம்பில் சும்மா கிடப்பது. அதன் சட்டையை அடையாளம் கண்டு விசில் ஊதும் வாட்ச்மேன்கள் உடம்பில் உண்டு. சில குடும்பங்களில் வாட்ச்மேன் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். ஒரு மரபணு என்று இல்லை, பலதும் சேர்ந்து. அப்பா அம்மாவிடமிருந்து மூக்கு வருவது போல இதுவும் வரலாம். வந்தவர்கள் எல்லாருக்கும் நோய் வரும் என்றும் இல்லை. சர்க்கரை ஏறினாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ கிளம்பும். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமிநாசினி காவலுக்கு நிற்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும், நிறுத்து என்று திட்டினாராம்.

கடைசியில் ஒரு கேள்வி: அம்மா, பாட்டி, அவர்கள் தங்கைமார் யாருக்காவது இப்படி அடிக்கடி வந்ததுண்டா?

"தெரியாதுன்னு சொன்னனுங்க. இருந்தா எங்கம்மா சொல்லியிருப்பாங்கல்ல. இல்லைன்னா எனக்கு மட்டுந்தான்."

'எனக்கு மட்டுந்தான்' என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றினாள். மலையைப் புரட்டியாவது விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். குரங்கு ஒன்று வந்து வாக்குக்குச் சாட்சியாக என் பன்னை எடுத்துக்கொண்டு போனது.

நவம்பர் 14, வெள்ளி

மழை. சவாரி இல்லை.

தூதர் வேடத்தில் அருவங்காடு. தேயிலைக்குள் காட்டெருமை ஒன்று, ரயில் எஞ்சின் அளவு. (ரயில் எஞ்சினில் முக்கால்.)

ஒரு வாரத் தயாரிப்பு தேவைப்பட்ட கேள்வியை வாசற்படியிலேயே கேட்டுத் தொலைத்தேன். அக்கா, நம்ம அம்மாவுக்குப் பெண்கள் சம்பந்தமான உபத்திரவம் ஏதாவது உண்டா? இன்சூரன்ஸுக்குக் கேட்கிறார்கள்.

அக்கா கரண்டியோடு திரும்பினாள். அம்மா போய்ப் பதினெட்டு வருடமாயிற்றே, செத்தவளுக்கு எந்தப் புத்திசாலி இன்சூரன்ஸ் தருகிறான் என்றாள். நான் யோசிக்காமல் விட்ட அம்பு. அப்புறம் குரலை இறக்கி, சூடுதான், வேறொன்றுமில்லை, வெந்தயம் குடித்தால் அடங்கும் என்றாள். பல் கிட்டித்துப்போகும் இந்தக் குளிரில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் எப்போதும் சூடு. சிறுவயதிலிருந்து கேட்கிறேன், ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

மேலே கேட்டேன். "பொம்பளைங்க விசயத்துல உனக்கென்னடா வேலை" என்று அவரைக்காய்க் குழம்பு ஒரு தூக்கு நிறையக் கொடுத்து அனுப்பிவிட்டாள். தோல்வி. குழம்பு அருமை.

நவம்பர் 15, சனி

மழை விட்டுவிட்டு.

யுரேகா. (குளிக்காமலேயே.)

பரண்மேல் இருந்த தகரப் பெட்டி. எஸ்டேட் ஜீப் ஓட்டிய காலத்திலிருந்து இந்த வேன் காலம்வரை நான் எழுதிய டைரிகள். யார் ஏறினார்கள், எங்கே, எதற்கு, என்ன பேசினார்கள். சரித்திரத்துக்காக எழுதியது. சரித்திரம் வந்து கேட்கவே இல்லை. இன்றைக்குத்தான் கேட்டது.

நீல அட்டை: ரு. அக்கா, மேட்டுப்பாளையம், மூக்குக்கண்ணாடி வாங்க. வாங்கவில்லை. மாடல் பிடிக்கவில்லையாம்.
அதே வருடம்: ரு. அக்கா, மே.பா., கண்ணாடி வாங்க. கடை லீவு.
மஞ்சள் அட்டை: ரு. அக்கா, மே.பா., கண்ணாடி. டாக்டர் வரவில்லை.

எண்ணினேன். ஏழு பயணம். அக்காவுக்கு வயது அறுபத்தாறு. இன்றுவரை வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோக்கிறாள்.

சரசு சின்னம்மா (அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, கட்டபெட்டு): கோழிக்குஞ்சு வாங்க, மே.பா. ஐந்து முறை. ஒரு குஞ்சுகூட வேனில் ஏறியதாகக் குறிப்பில்லை. ஒரு முறை முருங்கைக்காயோடு திரும்பியிருக்கிறாள்.

அம்மா: கோயமுத்தூர், தங்கை ஊட்டு விசேஷம். நாலு முறை. அம்மாவுக்கு இருந்த ஒரே தங்கை கட்டபெட்டில் இருந்தாள். கோயமுத்தூருக்கு ஓட்டிப்போய் இறக்கிவிட்டவன் நான். எந்தத் தங்கை என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'நல்ல வெயில். இளநீர் குடித்தேன்.'

இங்கே குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுபவள் மச்சினி, ஊசி போடுபவள் பக்கத்து வீடு. அதனால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, ஒரு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வண்டியிலேயே மலை இறங்கியிருக்கிறாள். மூன்று தலைமுறையின் ரகசியத்தை நானே ஓட்டி, நானே எழுதி, நானே பூட்டி வைத்திருந்தேன். உலகத்தில் இதற்கு நிகரான முட்டாள் இல்லை. இது மட்டும் மிகையில்லை.

குதித்துக்கொண்டு இருக்கையில் பச்சை அட்டை.

'கவிதா, பா. உடன், மே.பா., சுடிதார் எடுக்க. எடுக்கவில்லை. கவி வழியெல்லாம் பேசவில்லை. தலைசுற்றல் போல.'

என் மகள். அப்போது கல்லூரி இரண்டாம் வருடம்.

இது ஏதோ பெண்கள் வழி ஓடும் ஆறு, நான் கரையில் நிற்கிறவன் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடமிருந்து அவளுக்கு என் வழியாகத்தான் போயிருக்கிறது. நடு ஆற்றில் நின்றுகொண்டு இளநீர் குடித்திருக்கிறேன்.

பா.விடம் டைரியை நீட்டினேன். அவள் மறைக்கவில்லை.

"உங்ககிட்டச் சொல்லியிருந்தா ஏனுங்க, சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுல ரெண்டு யானையோட சேத்து அதையும் கதையாக்கியிருப்பீங்க."

பெங்களூருக்குப் போன் போட்டேன். கவி முதலில் சிரித்தாள், பிறகு கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள், இப்போது இரண்டு வருடமாக வரவில்லை என்றாள். நி.யுடன் அவளே பேசுகிறாளாம். போனை வைக்கும் முன் "கேட்டீங்களேங்கப்பா, அது போதும்" என்றாள். பல காலம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கடன்காரன்.

மாலை நி.யிடம் எல்லாம் சொன்னேன். நாளை சின்னம்மா வீட்டில் எல்லாரையும் கூட்டி வாசிக்கலாமா? "படிங்க மாமா. என்னைப் பத்தி நானே சொல்லிக்கறேன்."

நவம்பர் 16, ஞாயிறு

பளீர் வெயில். தேயிலையெல்லாம் எண்ணெய் தடவியது போல. வேனில் அக்கா, நி., பா. கட்டபெட்டு.

சின்னம்மாவுக்கு எழுபத்து நாலு. பல் குறைவு, வாய் குறைவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் அடுப்படியில் இருந்தபோது நடுவில் போய் நின்று, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, நீல அட்டையைத் திறந்து அரசவைக் குரலில் வாசித்தேன். அருவங்காட்டு மகாராணி ருக்மணி தேவியார் மூக்குக்கண்ணாடி தேடி ஏழு முறை படையெடுத்துச் சென்று வெறுங்கையோடு திரும்பிய வரலாறு. கட்டபெட்டுப் பேரரசி சரசுவதியார் ஐந்து முறை போய் ஒரு கோழிக்குஞ்சையும் சிறைபிடிக்க இயலாத துயரம்.

அக்கா முகம் வெளுத்தது. பா. தரையைப் பார்த்தாள். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட கெரகமே. கோழிக்குஞ்சக்கூட எழுதி வெச்சிருக்கறான் பாரு இந்தப் பய."

சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள். "உங்கம்மாளுக்கும் அதேதான் சாமி. ஒருநா நான் பஸ்ஸேறிப் போன எடத்துல, கோயமுத்தூர்ல ஒரு பொம்பளை டாக்டரு ஊட்டு பெஞ்சுல ரெண்டு பேரும் நேருக்கு நேரா மாட்டிக்கிட்டோம். நீ எதுக்கு வந்தேன்னு கேட்டா. பல்லு வலின்னேன். அவளும் பல்லு வலின்னா. அப்பறம் அவ சாகற வரைக்கும் நாங்க அதப் பேசிக்கவே இல்ல."

அப்போதுதான் நி. வாயைத் திறந்தாள். குரல் நடுங்காமல், வகுப்பெடுப்பது போல, தனக்கும் அதுதான், மூன்று வருடம், கல்யாணத்தைத் தள்ளியது அதனால்தான் என்றாள்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "என்ற கிட்ட இருந்துதான் வந்துச்சா சாமி. உனக்கு வந்துரக் கூடாதுன்னு எத்தனை நாளு வேண்டியிருப்பேன்."

"உன்ற மூக்குந்தான் எனக்கு வந்திருக்குது. அதுக்கு என்னைக்காவது அழுதியாம்மா?"

அக்கா அழுதுகொண்டே மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்கள் குடும்ப மூக்கு சாதாரணமில்லை, அதன் நிழலில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம். நி. சிரித்தாள். அக்காவும்.

உடனே நான் நாடு கடத்தப்பட்டேன். "போடா வெளிய, இனி எங்களுக்குப் பேச்சிருக்குது." வேனில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு மணி நேரம். ஜன்னல் வழியாக விழுந்த துண்டுகள்:

"...வேப்பிலைத் தண்ணியில ஒரு மணி நேரம் உக்காந்தனாக்கும், கால் மரத்து எந்திரிக்கவே முடியல, உங்க சித்தப்பா வந்து தூக்கி..."

"...அவருகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"...ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்னு..."

இந்துக் குடும்பம் நாங்கள். சித்தப்பா பாவம், நம்பியிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு கோத்தகிரி வரை கேட்டிருக்கும். (நிச்சயமாகக் கேட்டது. இதை யார் மறுத்தாலும் ஏற்க மாட்டேன்.)

நவம்பர் 18, செவ்வாய்

குளிர். பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று.

முழுப் படையும் மேட்டுப்பாளையம். இந்த முறை யாரும் பேங்க், கோழி, கண்ணாடி சொல்லவில்லை. எதிர் வீட்டு அம்மாள் கேட்டதற்கு அக்கா "டாக்டரைப் பாக்க" என்று நிமிர்ந்து சொன்னாள்.

கார்டு மாதிரியின் பின்பக்கத்தில் நான் வரைந்த குடும்ப மரம். அம்மா, சின்னம்மா, அக்கா, நி., நடுவில் நான், என் கீழே கவி. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். ஆண்கள் இப்படி எழுதிக் கொண்டுவந்து பார்த்ததில்லை என்றார். நெஞ்சு இரண்டு அங்குலம் பெருத்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது (ஏற்கெனவே தளர்ந்திருந்தது).

சொன்னவை, மறக்காமலிருக்க:
– பரிசோதனை முடிவு: பூஞ்சைதான். வேறு தொற்று இல்லை.
– நி.க்குச் சர்க்கரை இல்லை. அக்காவுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஜிலேபிக்குத் தடை. அக்கா முகத்தில் இன்று முழுக்க இழவு.
– முதலில் இப்போது இருப்பதை அடக்க மருந்து, பிறகு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். கர்ப்பம் என்றால் உடனே சொல்ல வேண்டும், மாத்திரை மாறும்.
– மரபணுப் பரிசோதனை எல்லாம் தேவையில்லை. குடும்பத்தில் உண்டு என்று தெரிந்ததே போதும்.
– நிறுத்தினபின் திரும்ப வரலாம். வந்தால் வரட்டும், வைத்தியம் இருக்கிறது. சொந்தமாகக் களிம்பு கூடாது.
– கணவனுக்கு வைத்தியம் பொதுவாகத் தேவைப்படாது.

கடைசி வரியை நி. இரண்டு முறை கேட்டாள்.

வழியில் யாரும் அழவில்லை. ஆனால் நி. கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜாடையாகக் கேட்டேன். பிரபுவிடம் நேரில் சொல்லாமல் தேதி பேசமாட்டாளாம். ஒளித்து வைத்து இன்னொரு தலைமுறைக்குக் கண்ணாடி வாங்கப் போக முடியாது என்றாள். அவன் முகம் மாறினால் அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவாளாம்.

அக்கா வேண்டாம் என்று தடுப்பாள் என நினைத்தேன். தடுக்கவில்லை. ஜிலேபித் துக்கமோ என்னமோ.

நவம்பர் 20, வியாழன்

குந்தா. சாரல், பனி, இரண்டும். நி. பள்ளிக்கு லீவு.

பிரபு ஷிப்ட் முடிந்து மழைக்கோட்டோடு வந்தான். இருவரும் அணைப் பக்கம் நடந்தார்கள். நான் வேனில். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் தகவல் அனுப்பினேன், தெரியாத சாமிகளுக்கும் பொதுவாக. பனி ஒரு தரம் அவர்களை மூடியது, திறந்தது. அவள் கை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. வாட்ச்மேன் பாடம் நடக்கிறது. அவன் அசையாமல் நின்றான். அப்புறம் திரும்ப மூடியது, பத்து நிமிடம். எனக்கு அது ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சேர்ந்த நீளம்.

முதலில் நி. வந்தாள். கன்னம் நனைந்திருந்தது. சாரலா இல்லையா தெரியவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து சொன்னாள், முழுக்கச் சொல்லி முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதானாம்.

"இப்ப வலிக்குதான்னு கேட்டாருங்க மாமா."

பர்லியாறிலிருந்து இன்றுவரை எத்தனை டைரி புரட்டினேன், எத்தனை மரம் வரைந்தேன். இதை நான் கேட்கவில்லை. அக்கா கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு அவன் தன் பக்கத்துப் பட்டியலை ஒப்பித்தானாம். அப்பாவுக்குச் சர்க்கரை. பெரியப்பாவுக்கு மூலம், அதனால்தான் அந்தக் கோபம். தாத்தா, அப்பா, அவன், மூவருக்கும் முப்பது வயதில் நெற்றி உச்சந்தலைவரை போய்விடும். இதில் எதற்காவது நீ என்னை வேண்டாம் என்பாயா என்று தொப்பியைக் கழற்றிக் காட்டினானாம்.

பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை.

அவன் வேன் ஜன்னலில் தலையை நீட்டினான். நீர் சொட்டியது. "மாமா, கார்டு எப்போங்க வருது? பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அச்சகத்துக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. குந்தா. இறங்கி மேட்டில் ஏறினேன், செருப்பு வழுக்கியது, இரண்டு பேரும் கீழே நின்று திட்டினார்கள். உச்சியில் ஒரு கோடு கிடைத்தது, பேட்டரி நாலு சதவீதம். அச்சகக்காரர் எடுத்து, பேர் யானை அளவு போட்டால் பொண்ணு பேருக்கு இடம் பத்தாதுங்க, என்ன பண்ணட்டும் என்று ஆரம்பித்தார்.

என் பேரை எடுத்துடுங்க, அவ பேரைப் போடுங்க, அடிங்க என்றேன்.